கடலில்லாத ஊரின் ஓடாவியார்

ரொறன்ரோவில் வசிக்கும் என் மருமகன், அக்காவின் மூத்த மகன், அண்மையில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கார் நிறுத்தும் கொட்டகைக்குள் மரத்தாங்கிகள் மூன்று. அவற்றின்மேல் பாதி உருப்பெற்ற ஒரு சிறிய பாய்மரப் படகு. பன்னிரண்டடி நீளம் இருக்கும். வரைபடத்தை விலைக்கு வாங்கி, ஒட்டுப்பலகையை அளந்து வெட்டி, வார இறுதிகளில் தானே கட்டிக்கொண்டிருக்கிறான். கணினியோடு வேலை செய்பவனுக்குக் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை வந்ததாம். படம் வந்த அன்றிரவே தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, எங்கட ஊரிலை ஆராவது வள்ளம் கட்டினவையோ? ஒட்டுசுட்டானிலை கடலே இல்லை, பிறகென்ன வள்ளம் எண்டு அம்மா சிரிக்கிறா."

"கட்டினவை தம்பி. நான் கண்ணாலை பார்த்தனான்" என்றேன்.

அவனுக்குத் தொலைபேசியில் சொன்னது கொஞ்சம். சொல்லாமல் விட்டது அதிகம். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒட்டுசுட்டானை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது எங்கள் ஊர். குரக்கன் அறுத்த புனத்தில் எஞ்சிய ஒட்டுக்கு ஒரு கமக்காரன் தீ வைத்தான் என்றும், சுட்ட இடத்தில் சிவலிங்கம் வெளிப்பட்டது என்றும், அதனாலேயே ஊருக்கு இப்பெயர் வந்தது என்றும் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் ஐதிகம் சொல்லும். சுற்றிலும் வயல், குளம், காடு. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே முல்லைத்தீவுக்குப் போக வேண்டும். அக்கா சிரித்ததில் தவறில்லை.

ஆனால் ஒரு சொல் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கதவு, நிலை, யன்னல் செய்பவரையும் வண்டிச் சில்லுக்கு ஆரை போடுபவரையும் 'ஓடாவியார்' என்றே அழைப்போம். ஈழத்தின் பல பகுதிகளில் தச்சுத் தொழிலாளிக்கு இன்றும் அதுதான் பெயர். ஓடம் என்பதிலிருந்து பிறந்த சொல் அது. ஓடம் கட்டுபவரே ஓடாவி. கேரளத்தின் பேப்பூரில் 'உரு' எனப்படும் பெரிய மரக்கலங்களைக் கட்டும் தச்சர்களுக்கு 'ஓடாயி' என்று பெயர். கடலே இல்லாத ஓர் ஊரில், உழவுக்கு ஏர் செய்து கொடுக்கும் மனிதருக்கு ஓடம் கட்டுபவர் என்று பெயர் எப்படி நிலைத்தது? தொழில் இடம்பெயர்ந்து போகும்போது பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. கப்பல் கட்டியவர்களின் கையே வீடும் கட்டியது, வண்டியும் கட்டியது. எங்கள் மூதாதையர் எந்தக் கல்வெட்டிலும் எழுதி வைக்காததை இந்த ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி ஓடாவியார் ஒருவர் இருந்தார். அவர் இளமையில், நாற்பதுகளில், வல்வெட்டித்துறையில் எடுபிடியாக நின்று தொழில் பழகியவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒருவர் வந்து, நந்திக்கடலில் விட ஒரு சிறிய பாய் வள்ளம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடற்கரைக்காரர் வள்ளத்துக்காகக் காட்டூருக்கு ஏன் வரவேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. காரணம் எளிது. ஒரு மரம் வள்ளமாகும்போது அதில் பெரும்பகுதி சிராயாகவும் துண்டாகவும் கழிந்துபோகும். மரத்தை முழுதாகக் கரைக்கு ஏற்றிச் சென்று அங்கே கழிப்பதைவிட, மரம் நிற்கும் இடத்திலேயே கட்டி முடித்து வள்ளத்தை மட்டும் கொண்டுபோவது மலிவு.

வேலை தொடங்குவதற்கு முன் அவர் ஒரு வாரம் காட்டுக்குள்ளும் ஊர் வேலிகளின் ஓரமாகவும் நடந்தார். விடுமுறை என்பதால் நாங்கள் இரண்டு மூன்று சிறுவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டோம். நிமிர்ந்து நேராக வளர்ந்த மரங்களை அவர் அதிகம் பார்க்கவில்லை. வேம்பிலும் பூவரசிலும் வளைந்து போன கிளைகளின் கீழே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். இடுப்பில் ஓர் ஈர்க்குக் கட்டு இருந்தது. ஒவ்வோர் ஈர்க்கையும் ஒவ்வொரு விதமாக வளைத்து நூலால் கட்டியிருந்தார். அதைக் கிளைக்கு நேரே உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பொருந்துகிறதா என்று பார்ப்பார். பொருந்தினால் மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு.

"நேர் மரம் கிடக்க ஏன் அப்பு கோணலைத் தேடுறியள்?" என்று கேட்டேன்.

"நேர் மரத்தை வளைச்சு வெட்டினா நார் அறுந்து போகும் மோனை. தானா வளைஞ்ச மரத்திலை நாரும் சேந்து வளைஞ்சிருக்கும். அலை அடிச்சாலும் அது விடாது" என்றார்.

வள்ளத்தின் விலா எலும்புகள் போன்ற சட்டங்களுக்கு 'வங்கு' என்று பெயர். உலகம் முழுவதும் மரக்கலம் கட்டியவர்கள் வங்குக்கு இயற்கையாக வளைந்த மரத்தையே தேடினார்கள். ஐரோப்பியக் கடற்படைகளுக்காகக் கருவாலி மரங்களில் வளைந்த கிளைகளைத் தேடி அலைந்த கதைகளைப் பின்னாளில் வாசித்தபோது, கையில் ஈர்க்குடன் நின்ற அந்த மனிதரே நினைவுக்கு வந்தார்.

அவருடைய வளவில் நடந்ததை நினைவிலிருக்கும் ஒழுங்கில் சொல்கிறேன். முதலில் ஏரா எனப்படும் அடிமரம், நிலத்தில் நட்ட கட்டைகளின்மேல் கிடத்தப்பட்டது. முன்னே அணியத்துக்கும் பின்னே கடையாருக்கும் மரங்கள் எழுந்தன. பிறகு நடுவங்கு. அதுதான் வள்ளத்தின் வயிறு. மற்ற வங்குகள் எல்லாம் அதன் அளவிலிருந்து படிப்படியாகச் சிறுத்தன. காகிதம், வரைபடம், அடிமட்டம் ஒன்றும் இல்லை. முழக்கோல் ஒன்றும் முடிச்சுப் போட்ட நூல் ஒன்றும் இருந்தன. மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று இழுக்கும் வாளில் பலகைகள் அரியப்பட்டன. பலகையை ஈரமாக்கி, கீழே தீ மூட்டி, சூடேறும்போது கல்லைப் பாரமாகத் தொங்கவிட்டு மெல்ல மெல்ல வளைத்தார்கள். வாய்ச்சியால் செதுக்கினார்கள். துறப்பணத்தால் துளையிட்டுச் செப்பாணி அறைந்தார்கள். பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். கடைசியாக வெளிப்புறம் முழுவதும் சுறா எண்ணெய். அந்த நாற்றம் எங்கள் குறிச்சியை விட்டுப் போக ஒரு மாதமாயிற்று.

வள்ளம் முடிந்ததும் இரண்டு மாட்டு வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். காட்டு வீதியில் ஒரு வள்ளம் வண்டியேறிப் போவதைப் பார்த்த வயல் வேலைக்காரர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். அது தண்ணீரில் இறங்கியதை நான் பார்க்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம்.

வன்னிக்கும் கடலுக்கும் இருந்த உறவு இந்த ஒரு வள்ளத்தோடு தொடங்கியதல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருங்காடு இல்லை. பனை உண்டு, தென்னை உண்டு, வீட்டு வளவுகளில் வேம்பும் இலுப்பையும் உண்டு. அதற்குமேல் மரம் வேண்டுமானால் ஒன்று கடல் கடந்து வரவேண்டும், அல்லது வன்னியிலிருந்து வரவேண்டும். பாலை, முதிரை, கருங்காலி, மருது என்று வன்னிக் காட்டின் மரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்குப் பெயர்பெற்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதிரையும் கருங்காலியும் இலங்கையிலிருந்து இங்கிலாந்துவரை போய்ப் பெரிய வீடுகளின் தளபாடங்களாயின. பிரித்தானிய நிருவாகியான ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல், காடும் குளமும் மக்களும் பற்றி விரிவாகப் பேசுவது. எங்கள் பகுதியைப் பற்றி எழுத முனையும் எவரும் அந்த நூலைத் தவிர்க்க முடியாது.

எங்கள் ஊருக்கு மிக அருகிலுள்ள கற்சிலைமடுவில் ஒரு நினைவுக்கல் உண்டு. 1803 ஒக்டோபர் 31 இல் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் அவ்விடத்தில் தோற்கடித்தார் என்பது அதன் செய்தி. பாடசாலைக் காலத்தில் அந்தக் கல்லைச் சுற்றி விளையாடியிருக்கிறோம். ஆனால் அந்தக் கல் சொல்லாத முதற்பாதி ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1803 ஓகஸ்ட் 25 இல், பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கே காவற்படைக்குத் தலைமை தாங்கியவர் இதே டிறிபேர்க்தான். அவரும் படையினரும் யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது படகுகளில். கரையில் அன்று படகுகள் இல்லாதிருந்தால் கற்சிலைமடுவில் போரிட அவர் திரும்பி வந்திருக்க முடியாது. வென்றவனுக்குக் கல் நட்டார்கள். அவனைக் கரைசேர்த்த படகுகளை எவர் கட்டினர் என்று எந்தக் கல்லும் சொல்லாது.

எங்கள் ஓடாவியார் தொழில் பழகிய வல்வெட்டித்துறைக்கு இனி வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்க்கப்பல்கள் தமிழகத்துத் துறைமுகங்களுக்கும் பர்மாவின் ரங்கூனுக்கும் போய்வந்தன. அரிசியும் தேக்கும் வந்தன. ஓடும் புகையிலையும் கைமாறின. கப்பற் கட்டுந்துறை என்று மதில் சூழ்ந்த இடம் எதுவும் இருக்கவில்லை. வீட்டுக்கு முன்னாலிருந்த கடற்கரை மணலே கட்டுந்துறை. கப்பல் வளர வளர அந்த வீட்டுப் பிள்ளைகளும் அதன் நிழலில் வளர்ந்தார்கள்.

அவ்வாறு கட்டப்பட்டவற்றுள் ஒன்று 'அன்னபூரணி'. 1930 இல் கட்டப்பட்ட இரட்டைப் பாய்மரக் கப்பல். ஏறத்தாழ 90 அடி நீளம். அதை விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர். இந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் முப்பத்திரண்டு அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர். அவ்வாறு சுற்றி வந்த படகுகளுள் அன்று மிகச் சிறியது அது. 1934 இல் கலாபகோஸ் தீவுகளில் குடல்வால் நோய் கண்டு சாகும் நிலைக்குப் போனபோது, அமெரிக்கக் கடற்படை பனாமாவிலிருந்து வந்து அவரைக் காப்பாற்றியது உலகப் பத்திரிகைகளில் செய்தியாயிற்று. படகுகளைப் பற்றி அறியாமல் பேசக்கூடியவர் அல்லர். நியூ இங்கிலாந்தின் கப்பல் கட்டும் மரபை அருகிலிருந்து பார்த்த அந்த மனிதர், வல்வெட்டித்துறை மணலில் கட்டிய ஒரு கலத்தை அத்திலாந்திக்கைக் கடக்கத் தகுதியானது என்று கருதினார்.

கப்பலுக்குத் தம் மனைவி புளோரன்ஸ் சி. றொபின்சனின் பெயரைச் சூட்டினார். 1937 இல் இலங்கையை விட்டுப் புறப்பட்டது. ஏடன், சுயெஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரோல்ட்டர், பெர்மியூடா என்று நீண்ட அப்பயணத்தில் கப்பலைச் செலுத்தியவர்களுள் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஐவர் இருந்தனர். தண்டையல் தம்பிப்பிள்ளை அவர்களுக்குத் தலைவர். 1938 ஓகஸ்ட் மாதத்தில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தில் அன்னபூரணி நங்கூரமிட்டது. குளோஸ்ரர் சாதாரண ஊரன்று. பாய்மர மீன்பிடிக் கப்பல்களுக்கு அமெரிக்காவிலேயே பெயர்போன துறைமுகம். கப்பலை எடைபோடத் தெரிந்த கண்கள் நிறைந்த இடத்தில் எங்கள் ஓடாவிகளின் வேலை போய் நின்றது.

நான்கு ஆண்டுகள் கழியவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. பர்மாவோடு நடந்த பாய்க்கப்பல் வணிகம் முறிந்தது. போர் முடிந்தபின் பழைய நிலை முழுதாகத் திரும்பவில்லை. புதிய நாடுகள், புதிய எல்லைகள், சுங்கம், அனுமதிப் பத்திரம். பெருங்கப்பல் கட்டிய கைகள் மெல்ல மெல்ல மீன்பிடி வள்ளத்துக்கும், அதன்பின் கதவு நிலைக்கும் இறங்கின. எங்கள் ஊர் ஓடாவியார் வல்வெட்டித்துறையை விட்டுக் காட்டூருக்கு வந்ததும் இந்த இறக்கத்தின் ஒரு படி என்றே இன்று எண்ணுகிறேன்.

மருமகனின் படகுக்குத் திரும்புகிறேன். அவன் அனுப்பிய இன்னொரு படத்தைப் பார்த்துத் திகைத்துப் போனேன். ஒட்டுப்பலகைகளின் விளிம்பில் வரிசையாகத் துளையிட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்திருக்கிறான். தைத்தபின் உட்புற இணைப்பில் கண்ணாடியிழை நாடாவை ஒட்டி எப்பொக்சிப் பசையால் இறுக்குவதாம். வங்குகள் நிறையத் தேவையில்லை. வீட்டில் படகு கட்டுபவர்களிடையே உலகெங்கும் பரவியுள்ள முறை இது.

இதைப் புகழ்பெறச் செய்தது ஒரு பத்திரிகை என்பது எனக்குத் தொழில்முறையில் மகிழ்ச்சி தந்த செய்தி. லண்டனின் 'டெய்லி மிரர்' நாளிதழ் 1962 இல் சாதாரண உழைப்பாளியும் வீட்டில் கட்டக்கூடிய படகு ஒன்றை முன்வைத்தது. தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை கற்பித்த பரி பக்னெல்லும், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ற்றும் சேர்ந்து உருவாக்கியது. பத்தடி பத்து அங்குல நீளம். சிவப்புப் பாய். பாகங்களின் பெட்டி ஒன்றின் விலை 63 பவுண் 11 சிலிங். அதுவரை பணக்காரரின் விளையாட்டாக இருந்த பாய்ப்படகோட்டம் அதனால் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் வந்தது. ஏறத்தாழ எழுபதாயிரம் மிரர் படகுகள் கட்டப்பட்டன. பத்திரிகை என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பலகையைத் தைத்துப் படகாக்குவது எங்கள் கடலுக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையில் மசூலாப் படகுகள் தும்புக் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணி கிடையாது. அலை மோதும் கரையில் ஆணியடித்த பலகை பிளந்துபோகும் இடத்தில் தைத்த பலகை நெகிழ்ந்து கொடுக்கும். சென்னையில் துறைமுகம் கட்டப்படும்வரை பெருங்கப்பல்களில் வந்த துரைமார் அந்தத் தைத்த படகுகளில் ஏறித்தான் கரை சேர்ந்தார்கள். சென்னை மாகாண மீன்பிடித் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்ணல் இக்கரைகளின் படகுகளை ஆராய்ந்து 1920 இல் ஒரு நூலும், இலங்கையின் மீன்பிடிப் படகுகளைப் பற்றி 1943 இல் ஒரு கட்டுரையும் எழுதினார். 'கற்றமரான்' என்று ஆங்கிலேயர் பெருமையோடு சொல்லும் சொல் நம் கட்டுமரம் என்பதை இன்று எல்லோரும் அறிவர். செய்தவர்கள் நாம். எழுதியவர்கள் அவர்கள்.

மரவள்ளம் ஏன் மறைந்தது என்பதற்கு ஒரே பதில் போர் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது முழு உண்மை அன்று. 1958 இலேயே அரசாங்கம் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கத் தொடங்கிவிட்டது. 1956 இல் நோர்வே சென்ற குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் என்ற தமிழர், அந்நாட்டு மக்களின் உதவியோடு 1967 இல் காரைநகரில் 'சீநோர்' நிறுவனத்தைத் தொடங்கினார். கண்ணாடியிழைப் படகுகள் அங்கே உருவாகின. பாரம் குறைவு. புழு அரிக்காது. ஆண்டுதோறும் சுறா எண்ணெய் பூச வேண்டியதில்லை. அதிகாலையில் நான்கு பேர் தோள்கொடுத்து மணலில் இழுக்கும் வேலையை இரண்டு பேர் செய்யலாம். மீனவர்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. மரவள்ளத்தை எண்ணிக் கவலைப்படுபவன் அதை மணலில் இழுத்தவனாக இருக்கமாட்டான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போர் செய்தது வேறு. ஒரு தொழில் மெல்ல மறையும்போது, மறைவதற்குள் அதை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போக ஒரு தலைமுறைக் காலம் கிடைக்கும். அந்தக் காலத்தைப் போர் எடுத்துக்கொண்டது. எண்பதுகளில் வடகடல் தடைகளால் மூடத் தொடங்கியது. காரைநகர்ப் படகுத்துறையும் போரில் அழிந்தது. தொண்ணூறுகளில் வன்னிக்கு எரிபொருள் தடைப்பட்டபோது துடுப்பும் பாயும் மீண்டும் கைக்கு வந்தன என்றாலும் அது மறுமலர்ச்சி அன்று, பட்டினிக்கான விடை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது. உதவி வழங்கியவர்கள் கண்ணாடியிழைப் படகுகளைக் கொடுத்தார்கள். விரைவில் செய்து விரைவில் கொடுக்க அதுதான் ஏற்றது. பின்னர் 2008 இன் கடைசி மாதங்களும் 2009 இன் முதல் ஐந்து மாதங்களும். ஒட்டுசுட்டான் வெறுமையானது. அதைப்பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் ஓடாவியாரும் எல்லோரையும் போலக் கிழக்கே கிழக்கே நகர்ந்து, எப்படியோ உயிரோடு மீண்டு, செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார். எண்பத்தைந்து வயதளவில் இருக்கும். 2010 இல், ஊர் திரும்புவதற்கு முன்னரே, காலமானார். வாய்ச்சியும் துறப்பணமும் முழக்கோலும் எந்த இடத்தில் விடப்பட்டன என்று அவருடைய மகளுக்கும் நினைவில்லை. அந்த நாள்களில் எவருக்குத்தான் நினைவிருக்கும்?

இனி நான் சொல்ல வேண்டியது என்னைப் பற்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதுகிறேன். அமைச்சர்களைப் பேட்டி கண்டேன். போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான 2002 இலிருந்து சில ஆண்டுகள் ஏ9 வீதி திறந்திருந்தது. அந்தக் காலத்தில் மூன்று முறை ஊருக்குப் போனேன். குறிப்பேடு பையில் இருந்தது. ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தது. ஓடாவியாரின் படலையைக் கடந்துதான் ஒவ்வொரு முறையும் போனேன். ஒருமுறை உள்ளே போய்த் தேநீரும் குடித்தேன். "பேப்பரிலை என்ன மோனை புதினம்?" என்று அவர்தான் என்னைக் கேட்டார். பேச்சுவார்த்தை எங்கே போகிறது என்று நான் அவருக்கு அரைமணி நேரம் விளக்கினேன். அன்று நான் சொன்னதில் ஒரு வரிகூட இன்று எதற்கும் பயன்படாது. அவர் சொல்லியிருக்கக்கூடியதோ வேறு எவரிடமும் இல்லை. வளைத்த ஈர்க்கு ஒவ்வொன்றும் எந்த வங்குக்கு உரியது, நடுவங்கிலிருந்து அடுத்த வங்கு எத்தனை விரல் சிறுக்கும், அணியம் எவ்வளவு நிமிர வேண்டும், நந்திக்கடலுக்கு ஒரு வயிறு, பெருங்கடலுக்கு ஒரு வயிறு என்று எப்படிக் கணித்தார் என்பன எல்லாம் ஒரு பிற்பகலில் கேட்டு எழுதியிருக்கக் கூடியவை. அது செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹோர்ணல் எழுதினார், லூயிஸ் எழுதினார், டிறிபேர்க்கின் வெற்றிக்குக் கல் நட்டார்கள், நம்மவர் எழுதவில்லை என்று மேலே குறைபட்டுக்கொண்டேன். எழுதாத நம்மவருள் முதலாவது ஆள் நான்.

மருமகன் மறுபடி அழைத்தபோது, அவனுடைய படகில் அணியத்தின் உட்பக்கம் பொருத்த ஒரு மூலைச் சட்டம் தேவைப்படுவதாகச் சொன்னான். வரைபடத்தில் ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடுக்கி ஒட்டி அதைச் செய்யும்படி இருக்கிறதாம். அவனுடைய வீட்டுக்குப் பின்னால் ஒரு கருவாலி மரம் சென்ற பனிக்காலத்தில் கிளை முறிந்து கிடக்கிறது என்று அக்கா முன்பொருமுறை சொல்லியிருந்தார்.

"அந்தக் கொப்பு இன்னும் கிடக்குதோ?" என்று கேட்டேன்.

"கிடக்குது மாமா. ஏன்?"

கொப்பும் அடிமரமும் சேரும் இடத்தில் நார் தானாக வளைந்திருக்கும் என்றும், ஒரு தடித்த கம்பியைத் தேவையான வளைவுக்கு வளைத்து எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் பிடித்துப் பார்க்கும்படியும் சொன்னேன். பொருந்தினால் சுண்ணாம்பால் ஒரு கோடு போடச் சொன்னேன். வெட்டியபின் அவசரப்படாமல் நிழலில் உலரவிட வேண்டும் என்றும் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு பத்து வயதுச் சிறுவன் விடுமுறையில் பின்னால் நடந்து பார்த்த அளவு.

சென்ற வாரம் படம் வந்திருக்கிறது. கருவாலித் துண்டு அணியத்தில் இருக்கிறது. மேற்பரப்பு கரடுமுரடு. இணைப்பு அவ்வளவு நேர்த்தியில்லை. ஓடாவியார் கண்டால் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பார். ஆனால் நார் சரியான பக்கம் வளைந்திருக்கிறது.

மன்னார், வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை, முல்லைத்தீவு, கொக்கிளாய், தூத்துக்குடி, நாகப்பட்டினம், எந்தக் கரையானாலும், உங்கள் வீட்டில் அல்லது அயலில் மரவள்ளம் கட்டத் தெரிந்த பெரியவர் இன்னும் இருக்கக்கூடும். இருந்தால் ஒரு குறிப்பேட்டோடு போய் உட்காருங்கள். வங்குக்கு எந்த மரம், எத்தனை விரல், என்ன பெயர் என்று கேளுங்கள். அவர் உலகப் புதினம் கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் வள்ளத்தைப் பற்றியே கேளுங்கள்.